ஓரத்து மல்லாட்டை

திரௌபதி அக்காவை நான் முதலில் பார்த்தது மரக்காணத்துக்கு மேற்கே எங்கள் உழவர் குழுக்கள் நடத்தும் செக்குக் கொட்டகையில். சித்திரை மாதம். நிலக்கடலை வரத்து உச்சத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். நான் அப்போதுதான் அங்கே எண்ணெய் பேக்கிங் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெருமுக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவன் நான்தான்.

மூட்டைகளை இறக்கிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். அந்த அக்கா மட்டும் போகவில்லை. தூக்குவாளியைத் திறந்து, தூண் ஓரமாகச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசைமேல் இருந்த எண்ணெய் பாட்டிலைக் காட்டினார்.

"தம்பி, இதுல இன்னா எழுதியிருக்குது, படி."

படிக்கச் சொன்னால் நான் பெருமையாகவே படிப்பேன். மரச்செக்கு மல்லாட்டை எண்ணெய், ரசாயன மருந்து உரம் இல்லாமல் விளைந்தது, உழவர் குழு சான்று பெற்றது என்று உரக்கப் படித்தேன்.

"யாரு சான்று சொன்னதுன்னு போட்டிருக்குது?"

"குழுன்னு போட்டிருக்குதுக்கா."

"அப்போ நானுந்தான் சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு மூட்டைகளின் பக்கம் கை நீட்டினார். எல்லாவற்றுக்கும் கடைசியில், நீலக் கயிற்றால் கட்டிய சின்ன மூட்டை ஒன்று தனியாக இருந்தது. "அத இதுல கலந்துடாத. அது வேற."

"வேற கொல்லையில வெளஞ்சதா?"

"ஒரே கொல்லைதான். ஆனா அது ஓரம்."

அந்த ஓரம் எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. அவர் சொல்லச் சொல்லக் கேட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உப்பளத்தை ஒட்டிய ஊர் அது. கிழக்கே பார்த்தால் வெள்ளைப் பாத்திகள், மேற்கே பார்த்தால் செம்மண் நிலங்கள், எங்கள் பேச்சில் கொல்லைகள். திரௌபதியின் மாமனார் விட்டுப்போன கொல்லையை அண்ணன் தம்பி இரண்டு பேரும் நடுவில் ஒரு வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். வடக்குப் பாதி அண்ணன் கலியனுக்கு. தெற்குப் பாதி தம்பி பலராமனுக்கு, அதாவது திரௌபதியின் வீட்டுக்காரருக்கு. தண்ணீர் இறைக்கும் போர்க்கிணறு மட்டும் பொது. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை.

அண்ணன் தம்பி முகச்சாடை வேறு வேறு. குரல் மட்டும் ஒன்று. இருட்டில் யாராவது கூப்பிட்டால் கலியனா பலராமனா என்று ஊரே தடுமாறும். அந்தப் பக்கத்து வழக்கப்படி திரௌபதி புருஷனின் அண்ணனான மூத்தாரோடு நேருக்கு நேர் நின்று பேசமாட்டாள். அவர் தம்பி வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் இருந்து "மாமா, சாப்பாடு ஆச்சி" என்பாள். அவரும் காதில் விழுந்ததுபோல் இருமுவார். அவ்வளவுதான் பேச்சு. அதிலும் ஒரு மரியாதை இருந்தது.

பலராமன் மஞ்சள்காமாலையில் போனார். காரியம் முடிந்த அன்று உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து போர் முறையைப் பற்றிப் பேச்சை எடுத்தார்கள். ஒண்டிப் பொம்பளை பயிர் வைக்கப்போவதில்லை, அதனால் மோட்டாரை இனி கலியனே ஓட்டட்டும் என்று யாரோ ஒருவர் சொன்னார். கலியன் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் திரௌபதிக்குச் சுருக்கென்று பட்டது. வழக்கத்தை மீறி நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"செத்தவன் பங்குத் தண்ணியையும் சேத்துக் குடிக்கலாம்னு வாயில எச்சி ஊறுதா?"

இரைந்து சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. கலியன் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாளிலிருந்து மோட்டார் முறை ஒரு நாளும் தவறவில்லை. அவள் முறை நாளில் மோட்டார் கொட்டகைச் சாவி ஜன்னல் கட்டையில் இருக்கும். ஆனால் அவள் சொன்ன "சாப்பாடு ஆச்சி"க்குப் பழைய நாளில் வந்த இருமல்கூட அப்புறம் வரவில்லை.

அவளுக்கு ஒரே மகள், ஷாலினி. ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை செய்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. போன் வரும். "சாப்ட்டியாம்மா" என்று கேட்கும். "சாப்ட்டேன்" என்பாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச விஷயம் கிடைக்காது. "வெச்சிடட்டுமா?" "வெச்சிடு."

மழை ஓய்ந்து உப்பளம் தொடங்கிவிட்டால் திரௌபதி விடியுமுன் உப்பு வாரப் போவாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து கொல்லையில் நிற்பாள். தன்னோடு பேச ஆளில்லை என்பது அவளுக்கு வருத்தமாகக்கூட இல்லை, பழகிவிட்டது. தானாகப் பேசிக்கொள்வதை மட்டும் விட்டாள். உப்பளத்தில் ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்ததிலிருந்து.

சங்கீதா அந்த ஊருக்கு வந்தது அப்போதுதான். சான்று விவகாரத்தைப் பார்க்கும் களப் பணியாளர். ஸ்கூட்டியில் வந்து பால் சொசைட்டிக் கொட்டகையில் கூட்டம் போட்டாள். அவள் சொன்னது எளிதாகத்தான் இருந்தது. யூரியா, பூச்சிமருந்து இல்லாமல் மல்லாட்டை போட வேண்டும். ஐந்து பேராவது சேர்ந்த குழுவாக இருக்க வேண்டும். பெரிய ஆபீசர் யாரும் வரமாட்டார். குழுவில் இருப்பவர்கள் ஒருவர் கொல்லையை ஒருவர் நடந்து பார்த்து, "இது சுத்தம்" என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தப்புச் செய்தால் பழி எல்லோர்மேலும் விழும். சுத்தம் என்று ஆனால் எண்ணெய்க்கு முத்திரை கிடைக்கும், முத்திரை இருந்தால் புதுச்சேரிக் கடைக்காரன் விலையைக் குறைத்துக் கேட்கமாட்டான்.

"அதாவது போலீசும் நாமளே, திருடனும் நாமளே" என்றார் சிவப்பிரகாசம். அவர்தான் பிறகு குழுத் தலைவர் ஆனார்.

நான்கு பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் தேறவில்லை. சேர்ந்த நால்வரில் ஒருத்தியான குப்பம்மாள்தான், "அந்த ஒண்டிக்கட்டையப் போட்டுக்குங்க. அவகிட்ட மருந்து வாங்க ஏது காசு" என்று சொல்லிவைத்தாள். அப்படித்தான் திரௌபதி குழுவுக்குள் வந்தாள். எப்படி வந்தால் என்ன? மாதம் ஒரு முறை தன் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிடுவார். அதற்காகவே கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பாயை விரித்துவைப்பாள்.

ஒருவர் கொல்லையை ஒருவர் பார்க்கும் நாள்தான் அவளுக்குப் பிடித்த நாள். பலராமன் போன பிறகு அவள் கொல்லையில் வேறு யாரும் கால் வைத்ததில்லை. இப்போது நான்கு பேர் சால் சாலாக நடந்தார்கள், இலையைத் திருப்பிப் பார்த்தார்கள், அவள் அவித்துவைத்த மல்லாட்டையை மடியில் போட்டுக்கொண்டு உரித்துத் தின்றார்கள்.

"ஏண்டி திரௌபதி, எல்லாருக்கும் இலை சுருண்டு கெடக்குது, உன் வடக்கோரம் மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குதே. இன்னா போட்ட?" என்றாள் குப்பம்மாள்.

"வேப்பங்கொட்டைத் தண்ணி."

"நானுந்தான் போட்டேன். என்னுது மொட்டையா நிக்குது."

"கை ராசி" என்றாள் திரௌபதி. எல்லோரும் சிரித்தார்கள். தான் சொன்னதற்கு நான்கு பேர் சிரித்தது அன்று ராத்திரி சாப்பிடும்போதும் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் வருஷம் சங்கீதா ஒவ்வொருவர் கொல்லையிலும் செடி பிடுங்கிப் பையில் போட்டு சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்த அன்று கொட்டகையில் பாய் விரித்தபடியே கிடந்தது, யாரும் உட்காரவில்லை.

"திரௌபதிம்மா, உங்க செடியில மருந்து இருக்குதுன்னு வந்திருக்குது. சுருள்பூச்சிக்கு அடிக்கிற மருந்து" என்றாள் சங்கீதா.

"நான் அடிக்கலியே, பாப்பா."

"காத்துல பறந்து வந்துச்சோ?" என்றாள் குப்பம்மாள். "கை ராசின்னா. இப்பத்தான் தெரியுது எந்தக் கைன்னு."

"அம்மன் மேல சத்தியமா நான் அடிக்கல."

சிவப்பிரகாசம் மெதுவாகத்தான் பேசினார். "இந்தாம்மா, சத்தியத்த வெச்சி முத்திரை வாங்க முடியாது. உன்னால நாங்க நாலு பேரும் தலைகுனிஞ்சி நிக்குறோம். இந்த வருஷம் உன் காய் சேராது. அடுத்த போகத்துல மறுபடி சோதனை. அதுலயும் வந்துச்சின்னா வேற ஆளப் போட்டுக்குவோம். மனசுல வெச்சிக்காத."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது? விலையும் முத்திரையும் போனால் போகட்டும், பலராமன் காலத்திலும் வியாபாரியிடம் குறைத்து விற்றுத்தான் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பாயில் தனக்கென்று ஓர் இடம் வந்திருந்தது. அதுவும் போய்விட்டால் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மளிகைக்கடைக்காரன் மட்டும்தான் மிச்சம். அவனும் "இன்னா வேணும்" என்றுதான் கேட்பான்.

அடுத்த போகம் விதைத்தாள். மாசியில் உப்பளம் தொடங்கியது. ஒரு நாள் விடியற்காலை அங்கே போனபோது, பருவம் தப்பிப் பெய்த தூறலில் பாத்தியெல்லாம் கரைந்துகிடந்தது. இன்றைக்கு வாருவதற்கு உப்பு இல்லை என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். வழக்கமாகப் பொழுது ஏறி வருகிறவள் அன்று பொழுது வெளுக்கும்போதே கொல்லைக்கு வந்தாள். சவுக்கு வரிசையைத் தாண்டுவதற்கு முன்பே மருந்து டேங்கின் கைப்பிடிச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

கலியன் தன் கொல்லையில் கடைசிச் சாலை முடித்துக்கொண்டிருந்தார். முதுகில் டேங்க். வாயில் துண்டு. சால் முடிந்ததும் டேங்கைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு வரப்பைத் தாண்டி அவள் பக்கம் கால் வைத்தார். குனிந்தபடி, அவசரமில்லாமல், வரப்போரச் சால்களில் ஒரு நடை போய் ஒரு நடை வந்தார். இலையின் அடிப்பக்கமும் நனையும்படி குழாயைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். டேங்க் தீர்ந்து வெறும் காற்று சீறியதும் நிறுத்தி, வரப்பேறிப் போய்விட்டார்.

திரௌபதி சவுக்குக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. டேங்கில் மீந்த மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மீந்ததை, ஆண் துணை இல்லாதவர்கள் கொல்லை பக்கத்தில் இருந்தால் அதன் ஓரத்தில் அடித்துவிட்டுப் போவார்கள். அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. பெற்றுக்கொள்கிறவரும் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் இன்னும் கேட்பதுபோல் ஆகிவிடும். பலராமன்கூடப் பக்கத்துக் கிழவி ஒருத்திக்கு அப்படி அடித்தவர்தான். திரௌபதிக்கு அந்த வழக்கம் தெரியும். தனக்கும் அதைச் செய்ய ஓர் ஆள் இருப்பார் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அப்படியானால் எத்தனை வருஷமாக? வடக்கோரம் எப்போதும் பச்சையாக நின்றதெல்லாம் இந்தக் கைதானா? சந்தோஷம் வந்தது, அதன் பின்னாலேயே பயமும் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் சங்கீதா செடி பிடுங்க வருவாள்.

குழுவில் போய் உள்ளதைச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? சிவப்பிரகாசம் கலியன் வீட்டு வாசலில் போய் நிற்பார். குப்பம்மாள் வாய் சும்மா இருக்குமா? "பேச்சு வார்த்தை கெடையாதாம், விடியறதுக்குள்ள அவ கொல்லையில அவருக்கு இன்னா வேலையாம்" என்று தெருக்கோடி வரை கொண்டுபோய்விடுவாள். ஒண்டியாக இருக்கிற பொம்பளைக்கும் மூத்தாருக்கும் நடுவில் அப்படி ஒரு பேச்சு முளைத்தால் அதற்கு எந்த வேப்பங்கொட்டைத் தண்ணியும் கேட்காது.

மத்தியானம் அவளே போனாள். கலியன் மோட்டார் கொட்டகைக்குள் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய மாடு கட்டியிருந்தது. மூத்தாரிடம் நேராகப் பேச முடியாது. திரௌபதி மாட்டைப் பார்த்து நின்றாள்.

"இந்தா மாடே, ஒரு சேதி. என் ஓரத்துல யாரோ மருந்து அடிக்கிறாங்க. நல்லதுக்குத்தான் அடிக்கிறாங்க. எனக்குத் தெரியுது."

மாடு வைக்கோலை மென்றது. உள்ளே பெல்ட் சத்தம் நின்று, கலியனின் குரல் வந்தது.

"ஆளில்லாத கொல்லை. பூச்சி அங்க குடும்பம் நடத்திட்டு சாப்பாட்டுக்கு இங்க வருது. எம்பயிருக்காகத்தான் அடிச்சேன். வேற ஒண்ணும் இல்ல. மாட்டுக்கு அது தெரியட்டும்."

திரௌபதி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பலராமனின் குரல். இத்தனை வருஷம் கழித்து, கைக்கெட்டும் தூரத்தில்.

"மாட்டுக்குத் தெரியும்" என்றாள். "ஆனா மருந்து பட்டா எனக்கு சர்ட்டிபிகேட்டு கெடைக்காது."

"சர்ட்டிபிகேட்டா? எதுக்கு?"

"மல்லாட்டைக்கு."

"மல்லாட்டை எத்தினியாவது வரைக்கும் படிச்சிருக்குதாம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவரும் உள்ளே சிரித்தாரா என்று தெரியவில்லை.

"பூச்சி தின்னாலும் பரவால்லியா?" என்றது குரல்.

"தின்னட்டும்."

"வேணாம்னா வேணாம். இனிமே வரப்பத் தாண்ட மாட்டேன்."

திரௌபதி நகரவில்லை. சொல்ல இன்னொன்று இருந்தது. அன்று நடுக்கூடத்தில் சொன்ன வார்த்தையைப் பற்றியது. அதை மாட்டிடம் சொல்ல முடியாது. "மாமா" என்று ஆரம்பிப்பதற்குள் மோட்டார் உறுமியது. தண்ணீர் தொட்டியில் விழும் சத்தத்தில் வேறொன்றும் கேட்காது. அது அவள் முறை நாள். அவளுக்காகத்தான் போட்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில், "ஓரத்துல மருந்து பட்டதுக்கு நான்தான் பொறுப்பு. இனிமே படாது" என்று மட்டும் சொன்னாள். யார் அடித்தது என்று சிவப்பிரகாசம் கேட்டார். அவள் பாயின் கோரையைப் பிய்த்தபடி இருந்தாள். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளேதான் அடித்திருக்கிறாள், ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டார்கள். அந்த முடிவு அவள் முகத்துக்கு நேராகவே நடந்தது.

சங்கீதாதான் வழி சொன்னாள். மருந்து பட்ட சால்களை இந்தத் தடவை பூவோடு பிடுங்கி எறிந்துவிட வேண்டும். அடுத்த போகத்திலிருந்து வரப்போரமாக ஆளுயரம் வளரும் கம்பை நெருக்கி விதைக்க வேண்டும், அந்தப் பக்கத்து மருந்து காற்றில் வந்தாலும் கம்பில் தங்கிவிடும். கம்பை ஒட்டிய சால்களில் விளையும் காயைத் தனி மூட்டையாகக் கட்ட வேண்டும், முத்திரை எண்ணெயில் அது சேராது.

பச்சையாக நின்ற அந்தச் சால்களைத் திரௌபதி தன் கையாலேயே பிடுங்கினாள். மறுபடி எடுத்த சோதனையில் மருந்து இல்லை. அதற்கடுத்த போகத்தில் கம்பு விதைத்தாள். கம்பு வளர வளர வடக்குப் பக்கம் மறைந்தது. முதலில் கலியனின் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, கடைசியில் தலைத்துண்டும். விடியற்காலையில் அவள் உப்பளத்துக்குப் போகாத நாட்களில் டேங்க் சத்தம் கேட்கும். டொக், டொக் என்று வரப்பு வரை வரும். வரப்பில் நின்றுவிடும்.

அந்த வருஷம் சான்று வந்தது. சங்கீதா பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். குழு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டது, திரௌபதி ஓரத்தில் நின்றாள். ஒருவர் கொல்லையை ஒருவர் பார்க்கும் நாளில் நான்கு பேரும் வந்தார்கள். அவளுடைய இலைகளை மற்றவர்கள் இலைகளைவிட அதிக நேரம் திருப்பிப் பார்த்தார்கள். அவித்த மல்லாட்டையைக் குப்பம்மாள் மட்டும் இரண்டு எடுத்து, வாயில் போடாமல் மடியில் முடிந்துகொண்டாள். மற்றவர்கள் அவசர வேலை இருக்கிறது என்று போய்விட்டார்கள். குண்டான் நிறைய மிச்சம். திரௌபதி அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நீலக் கயிறு மூட்டையை நான் தனியாக ஆட்டிக்கொடுத்தேன். இரண்டு பாட்டில் வந்தது. முத்திரை இல்லாத பாட்டில். ஒன்றை அக்கா தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டார். இன்னொன்றைத் தன் முறை நாளில் மோட்டார் கொட்டகை ஜன்னல் கட்டையில், சாவி இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தாராம். அடுத்த முறை போனபோதும் பாட்டில் அங்கேயே இருந்தது. அதற்கடுத்த முறை இல்லை. கலியன் எடுத்தாரா, மோட்டார் ரிப்பேருக்கு வந்தவன் எடுத்தானா, தெரியாது. காலி பாட்டில் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் அக்கா ஒரு பாட்டில் வைக்கிறார்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. அவரு படிக்கிறவரு இல்ல. குப்பம்மாளுக்கு மட்டும் படிச்சிக் காட்டாத."

"நெசத்த இப்பவாவது குழுவுல சொல்லலாமேக்கா."

"சொல்லி? சர்ட்டிபிகேட்டு வந்துடுச்சே தம்பி."

திரௌபதி அக்கா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார், தனியாக. மல்லாட்டை போடுகிறார், பருவத்தில் உப்பு வாரப் போகிறார். குழுவின் சான்று வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுகிறது. அதில் அவருடைய கைரேகையும் இருக்கிறது. கலியன் பக்கத்துக் கொல்லையில் இருக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.